ரப்பர் தாங்கும் கார்

சிறிய காருக்கு சஸ்பென்ஷன் அமைப்பது பெரிய காருக்கு அமைப்பதைவிடக் கடினமான வேலை. கேட்கும்போது இது தலைகீழாகத் தோன்றும். எடை குறைவு, பாகங்களும் சின்னவை, பிறகென்ன கஷ்டம்? காரைச் சின்னதாக்கிவிடலாம்; அதில் ஏறும் மனிதர்களைச் சின்னதாக்க முடியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றரை டன் எடையுள்ள ஒரு காரின் பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 700 கிலோ தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். பின் சீட்டில் இரண்டு பேர், டிக்கியில் பெட்டி படுக்கை என்று 180 கிலோ ஏறினால் சுமை கால் பங்கு கூடும், அவ்வளவுதான். 1959 ஆகஸ்டில் பிரிட்டனில் வெளிவந்த மினி காரின் எடை ஏறக்குறைய 600 கிலோ. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் பின் சக்கரங்களின் பங்குக்கு வருவது 230 கிலோ போலத்தான். அதே இரண்டு பேரும் அதே பெட்டிகளும் ஏறினால் அது 400-ஐத் தாண்டிவிடும். முக்கால் பங்குக்கு மேல் சுமை கூடுகிறது.

இது ஏன் தொல்லை என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஸ்பிரிங்கின் மேல் எடையை வைத்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டால் அது மேலும் கீழும் ஆடும். நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதைத் தீர்மானிப்பது, அந்த எடையால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்ற ஒரே அளவுதான். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு ஓர் ஆட்டம். 11 சென்டிமீட்டர் என்றால் ஒன்றரை. 6 சென்டிமீட்டர் என்றால் இரண்டு. நம் உடம்புக்கு இதமாக இருப்பது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடைப்பட்ட ஆட்டம். இரண்டைத் தாண்டினால் சாலையின் ஒவ்வொரு மேடும் முதுகெலும்பில் தெரியும்.

காலியாக இருக்கும்போது நொடிக்கு ஒன்றரை ஆட்டம் வேண்டும் என்று மினியின் பின்பக்கத்துக்குச் சாதாரணக் காயில் ஸ்பிரிங் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், ஆள் ஏறியதும் அது இன்னும் எட்டரை சென்டிமீட்டர் இறங்கும். மூன்று மீட்டர் நீளக் காரில் அவ்வளவு இடம் ஏது? பின்பக்கம் தரையை உரசும், முன்விளக்கு மரக்கிளைகளைப் பார்க்கும், அடுத்த பள்ளத்தில் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி உலோகத்தோடு உலோகம் மோதும். சரி, ஸ்பிரிங்கை விறைப்பாக்கலாம் என்றால், தனியாக ஓட்டிப்போகிறவர் பாடு திண்டாட்டம்.

தப்பிக்க ஒரே வழி, சுமை ஏற ஏறத் தானும் விறைத்துக்கொண்டே போகும் ஸ்பிரிங். விறைப்பு சுமையின் அதே விகிதத்தில் கூடினால் ஆட்டத்தின் வேகம் மாறவே மாறாது. ஓட்டுநர் மட்டும் இருந்தாலும் நான்கு பேர் இருந்தாலும் கார் ஒரே மாதிரி ஆடும். சீரான எஃகுக் கம்பியைச் சுற்றிச் செய்த காயில் இதைச் செய்யாது. சரியான வடிவத்தில் வார்த்த ரப்பர் செய்யும்.

1956-ல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லார்ட், மிகச் சிறிய, நிஜமான கார் ஒன்றை உடனே உருவாக்கும்படி பொறியாளர் அலெக் இஸிகோனிஸிடம் சொன்னார். இஸிகோனிஸ் பத்தடி நீளத்துக்குள் நான்கு பேரை உட்காரவைக்க வேண்டியிருந்தது. எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள் செருகினார், சக்கரத்தை 10 அங்குலமாகச் சுருக்கினார். சஸ்பென்ஷனுக்கு மிஞ்சியது கொஞ்ச இடம்தான்.

அந்த இடத்தில் வேலை செய்தவர் அலெக்ஸ் மோல்ட்டன். ரப்பர் அவருக்குக் குடும்பத் தொழில். அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்டீஃபன் மோல்ட்டன், சார்லஸ் குட்இயர் பதப்படுத்திய ரப்பரின் மாதிரிகளை அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுவந்தவர். 1848-ல் பிராட்ஃபர்ட் ஆன் ஏவன் என்ற சிற்றூரில் ஆலை தொடங்கியவர். கொள்ளுப்பேரன் மினிக்காகச் செய்தது உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அடங்கிவிடும் அளவுள்ள ஒரு கூம்பு. மேலே ஓர் எஃகுத் துண்டு, கீழே ஓர் எஃகுத் துண்டு, நடுவில் அவற்றோடு ஒட்டிப்போகும்படி வார்த்த ரப்பர். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு.

இந்தக் கூம்பு எப்படி விறைக்கிறது? ரப்பர் வளையும், நீளும், நெளியும், ஆனால் பருமனில் சுருங்காது. ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் பிதுங்கித்தான் தீரவேண்டும். சுமை குறைவாக இருக்கையில் கூம்பின் ரப்பர் சறுக்கி நெளிகிறது, அது சுலபம். சுமை கூடக் கூட ரப்பர் மெல்லியதாகிப் பிதுங்கி இரும்போடு பரவிப் படிகிறது. பிதுங்க மிஞ்சிய இடம் குறைகிறது. இடம் குறையக் குறைய விறைப்பு ஏறுகிறது. எஃகில் இதைச் செய்ய அடுக்கடுக்காகப் பட்டைகளோ, விட்டம் மாறும் கம்பியோ வேண்டும். இங்கே வடிவம் ஒன்றே அத்தனையும் செய்துவிடுகிறது. பொறியியலில் நான் மிகவும் மதிக்கும் தீர்வுகளில் இது ஒன்று.

எஃகு ஸ்பிரிங்கில் வளைவது அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. ரப்பரில் நடப்பதே வேறு. ஆயிரக்கணக்கான கண்ணிகள் கொண்ட நீண்ட மூலக்கூறுகள், தட்டில் பிழிந்த இடியாப்பம்போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன; வெப்பத்தால் ஓயாமல் நெளிந்தபடியும் இருக்கின்றன. ஒரு சங்கிலி சுருண்டு கிடக்க எண்ணற்ற விதங்கள் உண்டு. நேராக நீண்டு கிடக்கச் சில விதங்களே உண்டு. இழுத்தாலும் அழுத்தினாலும் அந்தச் சங்கிலிகளை இயல்பில்லாத ஒழுங்குக்குள் தள்ளுகிறோம். கையை விட்டதும் வெப்ப அசைவே அவற்றை மீண்டும் கலைத்துச் சுருட்டிவிடுகிறது. ரப்பரின் மீள்விசை பெரும்பாலும் இந்தக் கலைதலிலிருந்து வருவது. எடை தொங்கும் ரப்பர் பட்டையைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்கி எடையைத் தூக்குவது இதனால்தான். ஆங்கிலேயரான ஜான் கஃப் 1805-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். காரணம் புரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கு இடையே முடிச்சுகள் விழுகின்றன, அதன்பின் சங்கிலிகள் ஒன்றை விட்டு ஒன்று வழுக்கி ஓடுவதில்லை. 1839-ல் குட்இயர் கண்டுபிடித்தது அது.

மினி பிறந்த காலத்தில் உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கை விளைவித்த நாடுகளில் ஒன்று மலாயா. அங்கே ஐரோப்பியர் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பிரிட்டனின் ரப்பர்த் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆலையிலிருந்து தொடங்குகிறார்கள். அது மரத்திலிருந்தும், அதைக் கீறிய கையிலிருந்தும் தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம்.

நாற்பது, அறுபது வருடம் ஓடிய மினி ஒன்றைச் சீர்செய்ய எடுக்கிறவர் முதலில் புரிந்துகொள்ளவேண்டியது, கூம்பு ஒரு தேய்பொருள் என்பதை. எஃகு காயில் துருப்பிடிக்காமல் இருந்தால் பல பத்தாண்டு அப்படியே நிற்கும். ரப்பர் நிற்காது. சுமையின் கீழ் அது மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும். அந்தத் தாழ்வுக்கு விசித்திரமான ஒரு கணக்கு உண்டு. முதல் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை எவ்வளவு தாழ்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் பத்தாம் நாளிலிருந்து நூறாம் நாள்வரையும், நூறிலிருந்து ஆயிரம்வரையும். ஆரம்பத்தில் வேகம், பிறகு மந்தம். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. காற்றின் ஆக்சிஜன் சங்கிலிகளை அறுக்கிறது, சில இடங்களில் புதிய முடிச்சுகளைப் போடுகிறது. அமுங்கிய நிலையில் விழுந்த முடிச்சு அமுங்கிய வடிவத்தையே தன் வடிவமாகப் பிடித்துக்கொள்ளும். வருடங்கள் போகப்போகக் கார் தாழ்கிறது, மீதியிருக்கும் ரப்பர் விறைக்கிறது. எஞ்சினிலிருந்து ஒழுகும் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி இளகிவிடும். அது வேறு கேடு.

“மினியா? மாட்டு வண்டி மாதிரித் தூக்கிப்போடும்” என்று சொல்கிறவர்களில் பலர் ஓட்டிப் பார்த்தது இப்படி உயிர்போன ரப்பரின் மேல் நிற்கும் கார்களைத்தான். ஆகவே, எந்த சஸ்பென்ஷன் நல்லது என்று தேடப் போகுமுன், இருப்பதை அது பிறந்த நிலைக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கவேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன். தேய்ந்த மூட்டுகளின் மேல் விலையுயர்ந்த ஸ்பிரிங்கைப் போட்டு, அதன் குணத்தை எடைபோடுவது அந்த ஸ்பிரிங்குக்கும் அநியாயம், காருக்கும் அநியாயம்.

சமதளத்தில் காரை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்வது முதல் வேலை. இடமும் வலமும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பக்கக் கூம்பு மட்டும்தான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. மினியில் கூம்பு நேராகச் சக்கரத்தைத் தாங்குவதில்லை. சக்கரம் ஒரு நீண்ட கையின் நுனியில் இருக்கிறது. கூம்பைத் தள்ளும் அலுமினியத் தண்டு அந்தக் கையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் சக்கரம் சுமார் மூன்று பங்கு நகர்ந்தால் கூம்பு ஒரு பங்கு அமுங்கும்; பின்னால் சுமார் ஐந்துக்கு ஒன்று. இதனால்தான் இவ்வளவு சின்ன ரப்பர் போதுமானதாக இருக்கிறது. ஆனால் நெம்புகோல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. பின் சக்கரம் ஒன்றின் மேல் காலியாக 115 கிலோ என்றால், அந்தத் தண்டின் மேல் 500 கிலோவுக்கு மேல் விழுகிறது. ஆட்கள் ஏறினால் ஒரு டன்னை நெருங்கும்.

இவ்வளவையும் தாங்குவது சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஓர் எஃகுக் குண்டும், அது உட்காரும் நைலான் கிண்ணமும். மினிக்காரர்கள் நக்கிள் ஜாயின்ட் என்பது இதைத்தான். கழற்றிப் பார்த்தால் கதை முழுக்கத் தெரிந்துவிடும். நல்ல குண்டு கண்ணாடிபோல மின்னும், கிண்ணத்தில் கிரீஸ் ஈரம் இருக்கும். கெட்டதில் மேலே மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கும். உள்ளே தண்ணீரும் மண்ணும் சேர்ந்து பழுப்புக் கூழாகியிருக்கும். குண்டின் தலையில் துருக்குழிகள். அந்தக் குழிகள் அரம்போல நைலானை ராவி ஒரு பக்கமாகக் குடைந்திருக்கும். கிண்ணத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் பின்பக்கம் ஐந்து மில்லிமீட்டர் தாழும். மேட்டில் ஏறி இறங்கும்போது கேட்கும் கீச்சொலிக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். புதிய கூம்பு வாங்குகிறவர் கூடவே நான்கு நக்கிள் ஜாயின்ட்டும் வாங்கிவிடவேண்டும். விலை அதிகமில்லை.

முன் கூம்பைக் கழற்ற அதற்கென்றே ஒரு கருவி தேவை. எஞ்சின் அறைக்குள், சப்ஃப்ரேம் என்ற துணைச் சட்டத்தின் கோபுரத் தலையில் ஒரு துளை இருக்கும். அதன் வழியாகத் திருகுத் தண்டை இறக்கிக் கூம்பின் நடுவிலுள்ள மரையில் முறுக்கி, மேலே நட்டைத் திருகத் திருகக் கூம்பு மேல்நோக்கி இழுபட்டு அமுங்கும். அலுமினியத் தண்டு தளர்ந்து ஆடத் தொடங்கியதும் அதை உருவிவிடலாம். இதில் ஓர் ஆபத்து உண்டு. பழைய கூம்புகளில் அங்குல மரை, பிற்காலக் கூம்புகளில் மெட்ரிக் மரை. மாற்றி முறுக்கினால் இரண்டு மூன்று சுற்று பிடிப்பதுபோலத் தோன்றும்; பிறகு, நூற்றுக்கணக்கான கிலோ விசை ஏறியிருக்கும் நேரத்தில் மரை பிய்த்துக்கொண்டு போகும். கையால் முறுக்கும்போதே தடையில்லாமல் முழு ஆழம் இறங்கினால்தான் அது சரியான மரை. பின்பக்கம் இந்தத் தொந்தரவு இல்லை. பாடியை ஜாக்கியில் தூக்கி, ஷாக் அப்சார்பரின் கீழ் முனையைக் கழற்றிவிட்டால் சக்கரக் கை தானாகத் தொங்கும், தண்டு கையோடு வந்துவிடும்.

பின்பக்கத்தின் நோய் வேறு. சக்கரக் கை ஒரு தண்டின் மேல் சுழல்கிறது. ஒரு முனையில் ஊசி ரோலர் பேரிங், மறுமுனையில் வெண்கல புஷ். கிரீஸ் நிப்பிள் வெளிமுனையில். பல வருடம் யாரும் கிரீஸ் அடிக்காவிட்டால் தண்டு தேய்ந்து படியாகிவிடும். பின்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். புதிய புஷ்ஷைத் தட்டி உட்காரவைத்தால் மட்டும் போதாது. பேரிங்கோடு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி அதை ரீமர் போட்டுக் கடைந்து அளவுக்குக் கொண்டுவரவேண்டும். அந்தக் கருவி இல்லாதவர்கள், சரிசெய்து விற்கப்படும் கையை முழுசாக வாங்குவதே நல்லது. அதோடு, பின் சப்ஃப்ரேமைத் திருப்புளியால் குத்திப் பார்க்காமல் எதையும் மேலே மாட்டக்கூடாது. அது மண்ணும் நீரும் தேங்கும் பெட்டிச் சட்டம். பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் பிரிட்டனில் எண்ணற்ற மினிகளைக் காயலான் கடைக்கு அனுப்பியது அதன் துருதான்.

இத்தனையும் செய்த பிறகு தேர்வைப் பற்றிப் பேசலாம்.

கூம்பு இருக்கும் இடத்திலேயே பொருந்தும் எஃகு காயில்கள் கிடைக்கின்றன. போட்டவர்கள், கார் மெத்தென்று ஓடுகிறது என்று மகிழ்கிறார்கள், அது உண்மைதான். சிறு மேடு பள்ளங்களில் காயில் ரப்பரைவிட இளகியது. ஆனால் இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் போட்ட கணக்கு அப்போது திரும்பி வருகிறது. ஆள் ஏற ஏறக் காயில் அதே விறைப்போடு அமுங்கும். மினியில் அதற்கு இடம் கிடையாது. ரப்பர் அமுங்கும்போது ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக்கி விழுங்கிவிடும், அதாவது கொஞ்சம் ஷாக் அப்சார்பர் வேலையையும் செய்யும். எஃகு அதைச் செய்யாது. அந்தச் சுமை முழுவதும் ஷாக் அப்சார்பருக்குப் போகும். வளைவில் சாய்வும் கூடும். 1964, 1965, 1967-ல் மான்ட்டி கார்லோ ராலியை வென்ற கார்களின் பெயரைத் தாங்கிய வண்டிக்கு அந்தச் சாய்வு பொருந்தவில்லை என்பது என் அபிப்பிராயம். தனியாக, நகரத்துக்குள், மெதுவாக ஓட்டுகிறவருக்கு காயில் சரி. குடும்பத்தோடு வெளியூர் போகிறவருக்குப் புதிய ரப்பர்தான்.

1964 முதல் சில வருடங்கள் மினி சலூன்களில் ஹைட்ரோலாஸ்டிக் என்ற அமைப்பு இருந்தது. அதுவும் மோல்ட்டனுடையதே. நான்கு சக்கரங்களுக்கும் ரப்பரும் திரவமும் அடங்கிய கலங்கள். ஒரு பக்கத்தின் முன் கலத்துக்கும் பின் கலத்துக்கும் குழாய் இணைப்பு. குட்டைக் காரின் பெரிய சங்கடம், முன் சக்கரம் மேட்டில் ஏறி, நொடியின் ஒரு சிறு பங்குக்குள் பின் சக்கரமும் ஏறி, கார் ஊஞ்சலாடுவது. ஹைட்ரோலாஸ்டிக்கில் முன் சக்கரம் ஏறும்போது திரவம் பின்னால் ஓடிப் பின்பக்கத்தையும் தூக்கும். கார் சாயாமல் மட்டமாக எழும். அருமையான யோசனை, ஆனால் செலவு அதிகம். 1969-க்கும் 1971-க்கும் இடையில் மினி மறுபடி ரப்பர் கூம்புக்கே திரும்பியது. 2000-த்தில் உற்பத்தி நின்றவரை அதிலேயே ஓடியது. உங்களிடம் இருப்பது ஹைட்ரோலாஸ்டிக் கார் என்றால், கலங்கள் ஒழுகாமல் இருக்கும்வரை அதைக் கழற்றாதீர்கள். பல நேரம் கெட்டிருப்பது குழாய் மட்டும்தான். ரப்பருக்கு மாற்றவேண்டுமானால் சப்ஃப்ரேமிலும் ஷாக் அப்சார்பர் தாங்கிகளிலும் கைவைக்க வேண்டியிருக்கும். அந்த அமைப்போடு மிஞ்சியிருக்கும் கார்களும் குறைவு.

நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தண்டுகள் இன்னொரு தேர்வு. அலுமினியத் தண்டுக்குப் பதிலாக மரையுள்ள தண்டு. திருகினால் கார் உயரும், தாழும். இதனால் கார் விறைப்பாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். கூம்பின் மேல் விழும் எடை மாறுவதில்லை, ஆகவே அதன் விறைப்பும் மாறுவதில்லை. நிற்கும் உயரம் மட்டுமே மாறுகிறது. இடமும் வலமும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர இது மிகவும் வசதி. அழகுக்காகக் காரைத் தரையோடு தாழ்த்த இதைப் பயன்படுத்துகிறவர்கள், ஏற்கனவே குறைவாக இருக்கும் சக்கர அசைவில் பாதியைத் தூக்கி எறிகிறார்கள். பத்து அங்குலச் சக்கரம் சின்னப் பள்ளத்திலும் ஆழமாக விழும். அதற்கு மேலே இடம் வேண்டும்.

புதிய கூம்பு போட்ட அன்று கார் அசிங்கமாக உயர்ந்து நிற்கும். பதறவேண்டாம். ஆரம்பத்தில் ரப்பர் வேகமாகத் தாழும் என்ற அதே விதிதான் இங்கே வேலை செய்கிறது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டேப்பை எடுத்துப் பழைய குறிப்போடு ஒப்பிட்டு, அப்போது உயரத்தைச் சரிசெய்யலாம். தண்டோடு சேர்க்கும் ஒரு மில்லிமீட்டர் வாஷர் முன்னால் மூன்று மில்லிமீட்டர் தூக்கும், பின்னால் ஐந்து. உயரம் நின்ற பிறகே அலைன்மென்ட், ஏனென்றால் உயரம் மாறினால் சக்கரத்தின் கோணங்களும் மாறும். அலைன்மென்ட் கடையில் ஒன்றைச் சொல்லிவிட மறக்காதீர்கள். பழக்கத்தின் பேரில் முன் சக்கரங்களை லேசாக உள்நோக்கித் திருப்பிவைக்கும் கடைகள் உண்டு. மினியின் முன் சக்கரங்கள் வெளிநோக்கி 1.6 மில்லிமீட்டர் விரிந்திருக்கவேண்டும். காரை இழுப்பவை அந்தச் சக்கரங்கள்தான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கீழ்க்கைகளை முன்னால் பிடித்திருக்கும் தண்டுகளின் ரப்பர் புஷ்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பும், ஓட்டத்தில் இரண்டும் நேராகிவிடும். அந்த புஷ்களையும் மாற்றியாயிற்றா என்று கடைக்குப் போகுமுன் பார்த்துவிடுங்கள். பழையவை இன்னும் அதிகமாக விட்டுக்கொடுக்கும், அளவு வைத்தும் பயனிருக்காது.